கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற பதினேழாம் நம்பர்

போன வாரம் பெண்கள் பள்ளியின் பி.டி. டீச்சர் என் வீட்டுக்கு வந்தார். நம் நாட்டுப் பெண்கள் கால்பந்து அணி மறுபடியும் ஆசியச் சாம்பியன் போட்டிக்குத் தகுதி பெற்றிருக்கிறது. அதைக் கொண்டாட இங்கே செஞ்சியில் பள்ளிக்கூடத்தில் ஒரு விழா நடத்தினார்கள். அந்த விழாவை ஒட்டி ஒரு மலர் போடுகிறார்களாம். நான் அந்த அணியோடு பல வருஷம் ஊர் ஊராகப் போனவள் என்பதால் என்னிடம் ஒரு கட்டுரை வேண்டும் என்றார்.

“பத்மாக்கா, பொண்ணுங்க படிச்சா உற்சாகம் வரணும். வெற்றியப் பத்தி நல்லதா நாலு பக்கம் எழுதிக் குடுங்க.”

“எந்த வெற்றியப் பத்தி?”

“இன்னாக்கா இப்பிடிக் கேக்கறீங்க? டீம் ஜெயிச்சதப் பத்திதான்.”

எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நல்லதாக இருக்கும் என்று மட்டும் வாக்குக் கொடுக்கவில்லை. விழா மேடையில் நடந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். அதற்குப் பிறகு நல்லதாக எழுத எனக்குக் கை வரவில்லை. இதை அச்சில் போடுவதும் போடாததும் டீச்சர் பாடு.

விழா அழைப்பிதழில் என் பெயருக்குப் பக்கத்தில் ‘ஓய்வு’ என்று போட்டிருந்தார்கள். எனக்கு யாரும் மாலை போட்டு வழியனுப்பவில்லை. ஒரு முகாமுக்குக் கூப்பிடவில்லை, அடுத்ததற்கும் கூப்பிடவில்லை, அப்புறம் போன் செய்தால் எடுக்கவில்லை. அப்படித்தான் நான் ரிட்டயர் ஆனேன்.

எனக்குச் சொந்த ஊர் தொண்டூர். எங்களுடையது நயினார் குடும்பம், தமிழ்ச் சமணர்கள். அப்பாவை நைனா என்போம், அவர் செஞ்சியில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வாங்கி விற்கும் மண்டி வைத்திருந்தார். நான் கல்லூரியில் கோல்கீப்பராக ஆடி, மாநில அணி வரைக்கும் போய், முட்டி போனதும் உட்கார்ந்தேன். பிறகு ஒரு விளையாட்டு விடுதியில் வார்டன். அங்கே தங்கிப் பயிற்சி எடுக்க வந்த தேசிய அணியின் துணிமணியைப் பிரித்து அடுக்கிக் கொடுக்க ஆள் இல்லாமல் என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு வாரத்துக்கு என்று போனவள் தலை நரைக்கிற வரைக்கும் அதே வேலையில் இருந்தேன்.

வேலைக்குப் பெயர் கிட் மேனேஜர். கிட் மேனேஜர் என்றால் துணி துவைப்பவள் என்று என் தம்பி மனைவி இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். பாதி சரிதான். நான் சேர்ந்த புதிதில் எங்களுக்கு வந்த சட்டைகள் எல்லாம் ஆம்பளைகளின் அளவு. தோள் முழங்கை வரைக்கும் தொங்கும். ஊசி நூலோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடித்துத் தைத்தேன். அதைப் பார்த்த ஓர் அதிகாரி, “பரவாயில்லையே, டெய்லர் செலவும் மிச்சம்” என்றார். பாராட்டியதாக அவர் நினைப்பு.

மீதிப் பாதி வேலையைச் சொல்கிறேன். ஆட்டத்தன்று அணி வருவதற்கு முன்பே நான் உடை மாற்றும் அறைக்குப் போய்விடுவேன். ஒவ்வொருத்திக்கும் இரண்டு சட்டை. ஒன்று முதல் பாதிக்கு, மற்றது இரண்டாவது பாதிக்கு. நம்பர் வெளியே தெரியும்படி மாட்ட வேண்டும், வந்தவள் தன் இடத்தைத் தேடக்கூடாது. புல் ஈரமாக இருந்தால் பூட்ஸ் அடியில் நீளமான குமிழ்களைத் திருகி மாற்றித் தர வேண்டும். சட்டையில் ரத்தம் பட்டால் அதோடு ஆட விடமாட்டார்கள், அதற்காகப் பெயர் போடாத சட்டை தனியாக இருக்கும். ஆட்டம் முடிந்ததும் எல்லாவற்றையும் துவைப்பேன். பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தவளின் சட்டையையும் துவைப்பேன். அதில் அழுக்கு இருக்காது. ஆனால் மறுநாள் மடித்துக் கொடுக்கும்போது இவள் ஆடினாள், இவள் ஆடவில்லை என்று சட்டையைப் பார்த்துத் தெரியக்கூடாது. இது யாரும் சொல்லி நான் செய்ததில்லை.

இன்னொரு வேலை நகை பார்ப்பது. இந்தக் கட்டுரைக்கு அதுதான் முக்கியம். தோடு, மூக்குத்தி, மோதிரம், வளையல், செயின், எதையும் போட்டுக்கொண்டு ஆடக்கூடாது. மேலே பிளாஸ்திரி ஒட்டி மறைத்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். முதலில் இறங்கும் பதினோரு பேரை மைதானத்துக்கு வரும் வழியிலேயே நடுவர்கள் பார்த்துவிடுவார்கள். மாற்று ஆட்டக்காரிகளை அப்போது பார்ப்பதில்லை. அவர்கள் உள்ளே போகிற நேரத்தில், நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் நான்காவது நடுவர் பார்ப்பார். பூட்ஸைத் தூக்கிக் காட்டச் சொல்வார், கையைத் திருப்பச் சொல்வார், காதைப் பார்ப்பார். சரி என்றால்தான் நம்பர் பலகையைத் தூக்குவார். அதனால் நான் இடைவேளையில் மாற்று ஆட்டக்காரிகளை வரிசையாக நிற்க வைத்து ஒருமுறை பார்த்துவிடுவேன். கழற்றியதை எல்லாம் ஒரு பழைய சோன்பப்டி டப்பாவில் போட்டு வைப்பேன். என் கையில் இருந்தவரைக்கும் எந்தப் பெண்ணும் நகையால் திரும்பி வந்ததில்லை. அந்த ஒரு நாளைத் தவிர.

அம்சாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முழுப் பெயர் அம்சவல்லி. சட்டையின் முதுகில் அம்சா, நம்பர் பதினேழு. அவலூர்பேட்டை ரோட்டில் ஒரு காலனிப் பெண். அவள் நைனா செஞ்சி நெல் மார்க்கெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர். லாரியிலிருந்து விழுந்து இடுப்பு போய்ப் படுத்துவிட்டார். அம்மா நடவு, களை என்று போய்க் குடும்பத்தைப் பார்த்தார். அம்சாவுக்கு இடது கால் ஆட்டம். ஓட ஆரம்பித்தால் பிடிக்க முடியாது. அவள் இடத்தில் ஏற்கெனவே ஒரு பெரிய ஆட்டக்காரி இருந்ததால் இவள் பெஞ்சிலேயே இருந்தாள். முகாம் முகாமாக வந்தாள், ஆட்டம் ஆட்டமாக உட்கார்ந்தாள்.

அப்போது விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அரசு வேலைக்கு அவள் மனுப் போட்டிருந்தாள். நாட்டுக்காக ஓர் ஆட்டமாவது ஆடியிருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அணியில் இருந்தால் போதாது, பெஞ்சில் உட்கார்ந்தால் போதாது, உள்ளே இறங்கியிருக்க வேண்டும். ஒரு நிமிஷம் ஆடினாலும் ஆட்டம்தான். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அவள் காத்திருந்தாள்.

எங்கள் கோச் வடக்கே இருந்து வந்தவர். அதிகம் பேசமாட்டார், கத்தவே மாட்டார். ஆட்டம் பார்க்கும்போது கையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கும், குடித்துப் பார்த்ததில்லை. பெஞ்சில் இருப்பவள் தோளில் பாட்டிலால் ஒரு தட்டு தட்டினால் போய் உடம்பைச் சூடுபண்ணிக்கொள் என்று அர்த்தம். இரண்டு தட்டு தட்டினால் மேல்சட்டையைக் கழற்று, நீ இறங்குகிறாய். பெண்கள் அந்த இரண்டாவது தட்டுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்திக்கு வாக்குக் கொடுத்துவிட்டு அவர் மாற்றி நான் பார்த்ததில்லை. வேலை விஷயம் அவருக்குத் தெரியும். தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தன்று காலையில், இன்றைக்கு நீ இறங்குவாய் என்று அம்சாவிடம் சொன்னார்.

அம்சா நேராக என் அறைக்கு ஓடி வந்தாள்.

“அக்கா, இன்னிக்கி எறக்கறேன்னு கோச்சு சொல்லிட்டாங்கக்கா.”

“நல்லதுடி. சாப்டியா?”

“எங்க எறங்குது? ரெண்டு வாழப்பழம் துன்னேன்.”

“நைனாவுக்குப் போன் போட்டுச் சொல்லு.”

“சொல்ல மாட்டேன்க்கா. சொன்னா அது தெரு மொத்தம் கூப்ட்டு வச்சினு டி.வி. முன்னாடி குந்திக்கும். எறங்கிட்டு வந்து சொல்றேன்.”

இனிச் சேர்மன். எங்கள் குழுவுக்குத் தலைவர் என்று ஒருத்தர் கூட வருவார். தமிழ்நாட்டுக்காரர்தான். எதற்குச் சேர்மன் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. வெள்ளைச் சட்டை போட்டு முன்வரிசையில் உட்கார்ந்தால் நம் பக்கம் சேர்மன்தானே. பந்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதே அவருக்கு இடைவேளைக்குப் பிறகு குழப்பமாகிவிடும். ஆனால் மனுஷர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பெண்களுக்கு ஊறுகாய் வாங்கி வருவார். யாருக்காவது காய்ச்சல் என்றால் இரண்டு தடவை வந்து பார்ப்பார். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குத் திட்டுவதற்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்தப் பயணத்துக்கு அவர் ஒரு சாமியாரிடமிருந்து தாயத்துகள் கொண்டுவந்திருந்தார். முறுக்கிய கறுப்புக் கயிறு, அதில் ஒரு செப்புக் குப்பி. கடைசி ஆட்டத்தன்று மத்தியானம் ஓட்டல் வரவேற்பறையில் எல்லாப் பெண்களையும் வரிசையில் நிற்கவைத்து வலது கையில் கட்டினார்.

“சார், இதோட ஆட விடமாட்டாங்க” என்றேன்.

“நம்ம நம்பிக்கையப் பத்தி அவங்களுக்கு என்னம்மா தெரியும்?”

“தெரியாதுங்க சார். அதான் விடமாட்டாங்கன்னு சொல்றேன். பஸ்ல போற வரைக்கும் கட்டிருக்கட்டும். அங்க போனதும் கழட்டிடறேன்.”

முகத்தைச் சுளித்துக்கொண்டு சரி என்றார். நம்பிக்கையை நான் கேலி செய்கிறவள் இல்லை. எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்தால் சாப்பிடமாட்டோம். விளக்கு வெளிச்சத்தில் ஆட்டம் நடக்கிற நாட்களில் எல்லாரும் ஆட்டம் முடிந்து பிரியாணி சாப்பிடுவார்கள், நான் தண்ணீர்கூடக் குடிக்காமல் துணி மூட்டை கட்டிக்கொண்டிருப்பேன். என் நம்பிக்கை என் வயிற்றோடு இருந்தது. அதை இன்னொருத்தி கையில் நான் கட்டவில்லை.

மைதானத்துக்குப் போனதும் எல்லாக் கயிற்றையும் கழற்றி டப்பாவில் போட்டேன். இடைவேளையில் மாற்று ஆட்டக்காரிகளைப் பார்த்தேன். அம்சாவின் காதில் தோடு இல்லை, கையில் எதுவும் இல்லை, பூட்ஸ் சரி. டப்பா பெஞ்சுக்கு அடியில் இருந்தது.

இரண்டாவது பாதியில் நாங்கள் ஒரு கோல் போட்டோம். ஜெயித்தால் ஆசியப் போட்டி, சமமானாலும் வீடு என்கிற நிலைமை. கோல் போட்ட பிறகு எதிரணி எங்களைப் போட்டு அமுக்கியது. பந்து எங்கள் கோல் பக்கத்தை விட்டு நகரவில்லை. ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் கோச் அம்சாவின் தோளில் ஒரு தட்டு தட்டினார். அவள் போய்க் கோட்டோரம் ஓடிவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் பெஞ்சின் அந்தக் கோடியில், காலில் அடிபட்டு முன்பே வெளியே வந்த ஒரு பெண்ணுக்கு ஐஸ் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சேர்மனின் காலில் என் டப்பா இடித்திருக்கிறது. திறந்து பார்த்திருக்கிறார். தாயத்தெல்லாம் டப்பாவில் கிடக்கிறது, அணி மைதானத்தில் திணறுகிறது. இரண்டையும் சேர்த்து அவர் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டார். பக்கத்தில் அடுத்து இறங்கப் போகிறவள் உட்கார்ந்திருந்தாள். அவள் கையைப் பிடித்துக் கட்டிவிட்டார். தாலி கட்டுவதைப் போல மூன்று முடிச்சு, இழுத்து இறுக்கி.

அம்சா வேண்டாம் என்று சொல்லவில்லையா என்று பிற்பாடு என்னிடம் கேட்டவர்கள் உண்டு. குழுத் தலைவர் கையைப் பிடித்துக் கட்டும்போது, ஒரு நிமிஷத்துக்காக வருஷக்கணக்கில் காத்திருந்த காலனிப் பெண் என்ன சொல்வாள்? “சார், ரெப்ரி…” என்று ஆரம்பித்தாளாம். “அதெல்லாம் நான் பார்த்துக்கறேன், தைரியமா போ” என்றாராம்.

கோச் இரண்டு தட்டு தட்டினார். அம்சா மேல்சட்டையைக் கழற்றிவிட்டு நடுக்கோட்டுக்கு ஓடினாள். அதே நேரம் எங்கள் கோல்கீப்பர் தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். ஆட்டம் நின்றது. பிசியோ தன் பையைத் தூக்கிக்கொண்டு மைதானத்தின் அந்தக் கோடிக்கு ஓடினார். இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஆட்டம் நிற்கிறது, ஆள் தயாராக நிற்கிறாள், பலகையைத் தூக்க வேண்டியதுதான் பாக்கி.

நான்காவது நடுவர் ஒரு பெண். பூட்ஸைப் பார்த்தார், காதைப் பார்த்தார், கையைத் திருப்பினார். செப்புக் குப்பி விளக்கில் மின்னியது. பலகையைக் கீழே வைத்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

நான் ஐஸைப் போட்டுவிட்டு ஓடினேன். முடிச்சு அவிழவில்லை. வியர்வையில் நனைந்து கயிறு இன்னும் இறுகியிருந்தது. பெஞ்சில் இருந்த ஒரே கத்தரிக்கோல் பிசியோவின் பையில். பிசியோ கோல்கீப்பரின் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருக்கிறார். கையை விட்டு உருவப் பார்த்தேன், கட்டைவிரல் மூட்டைத் தாண்டவில்லை. அம்சா அழவில்லை, கையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றாள்.

“கடிக்கா, கடி, கடிச்சுடுக்கா.”

கடித்தேன். அவளும் ஒரு பக்கம் கடித்தாள். உலகமே பார்க்கிற மைதானத்தின் ஓரத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு கயிற்றைக் கடித்துக்கொண்டு நின்றோம். கயிறு அறுந்தபோது என் ஈறில் ரத்தம். நான்காவது நடுவர் பலகையைக் கையில் எடுத்தார். அதற்குள் கோல்கீப்பர் எழுந்துவிட்டாள், நடுவர் விசில் ஊதிவிட்டார், ஆட்டம் தொடங்கிவிட்டது.

இனிப் பந்து வெளியே போக வேண்டும், அல்லது ஆட்டம் எதற்காவது நிற்க வேண்டும். அதற்கு முன்னால் உள்ளே போக முடியாது. எங்கள் பெண்கள் பந்தைத் தங்களுக்குள்ளேயே தட்டித் தட்டி வைத்துக்கொண்டார்கள். ஜெயிக்க வேண்டுமானால் அப்படித்தான் ஆட வேண்டும், குறை சொல்ல வழியில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் அம்சா குதித்துக்கொண்டே நின்றாள். “வெளிய அடிங்கடி, ஒருவாட்டி வெளிய அடிங்கடி” என்று தமிழில் முணுமுணுத்தாள். உள்ளே இருந்தவர்களில் தமிழ் தெரிந்தவள் யாரும் இல்லை. பந்து வெளியே போகவே இல்லை. கடைசி விசில் ஊதியது.

எல்லாரும் அவளைத் தாண்டி உள்ளே ஓடினார்கள். அவளும் ஓடினாள். ஆட்டம் முடிந்தபிறகு யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாமே. கட்டிப்பிடித்தார்கள், தூக்கினார்கள், கொடியைப் போர்த்தினார்கள். எதிரணிப் பெண் ஒருத்தி சட்டையை மாற்றிக்கொள்ளலாம் என்று அம்சாவிடம் சைகை காட்டினாள். இவள் கை இரண்டையும் விரித்து, நான் ஆடவில்லை என்று காட்டினாள்.

சேர்மன் பெஞ்சுக்குப் பக்கத்தில் அறுந்து கிடந்த கயிற்றைப் பார்த்துவிட்டார்.

“யாரும்மா இதை அறுத்தது? நல்ல நாளும் அதுவுமா!” என்றார். அப்புறம் அவரே மனசைத் தேற்றிக்கொண்டு, “பரவாயில்ல, கட்டின நேரம் நல்ல நேரம். கட்டினேன், தாக்குப் பிடிச்சிட்டோம் பார்த்தீங்களா” என்றார். கேமராவுக்கு முன்னாலும் அதையே சொன்னார்.

கோச் அன்றைக்குத்தான் அந்தப் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்து நான் பார்த்தேன். அம்சாவிடம் போய்த் தலையில் கை வைத்தார். ஆசியப் போட்டிக்கு முன்பே கோச்சை மாற்றிவிட்டார்கள். புதியவர் புது ஆட்களைக் கூட்டிவந்தார். அம்சாவை மறுபடி யாரும் கூப்பிடவில்லை. மாற்று ஆட்டக்காரியைத் தயார்செய்வதில் கிட் மேனேஜர் கவனக்குறைவு என்று ஓர் அறிக்கை போனது. கையெழுத்து சேர்மன். அது என் கவனக்குறைவு இல்லை. அன்றைக்கும் சொன்னேன், கேட்பாரில்லை. இன்றைக்கும் சொல்கிறேன். சொன்னதற்குக் கிடைத்ததுதான் என் ஓய்வு.

ஊருக்கு வந்ததும் பேருந்து நிலையத்துக்கு எதிரே அம்சாவுக்கு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். செஞ்சியின் சிங்கப்பெண் என்று போட்டு, பக்கத்தில் கோட்டைப் படம். அவள் நைனாவை நாற்காலியோடு தூக்கிவந்து அதைக் காட்டியிருக்கிறார்கள்.

“எந்த ஆட்டத்துலம்மா நீ வந்த? நான் பாத்துனே இருந்தேன், கண்ல ஆப்டலியே” என்று கேட்டிருக்கிறார். அம்சா என்ன பதில் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

வேலைக்கான மனு அப்படியே நின்றது. நானும் அவளும் சென்னைக்குப் போய்ச் சேர்மனைப் பார்த்தோம். காபி கொடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுங்கள், கோச் கூப்பிட்டார், இறங்கத் தயாராக நின்றாள், இந்தக் காரணத்தால் இறங்க முடியவில்லை என்று எழுதினால் அதிகாரிகள் ஒருவேளை மனமிரங்குவார்கள் என்றேன்.

“இந்தக் காரணம்னா, நான் கட்டின கயிறுன்னா?”

“நடந்தது அதான சார்.”

நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “ஒரு நிமிஷம்கூட ஆடாத பொண்ண ஆடினதா எழுதச் சொல்றீங்க. நான் எப்படிம்மா பொய் எழுத முடியும்? நாளைக்கு ஆண்டவன் கேட்டா நான் என்ன பதில் சொல்வேன்? எனக்குன்னு ஒரு மனசாட்சி இருக்கில்ல?”

ஆடினதாக எழுதச் சொல்லி நாங்கள் கேட்கவே இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அம்சா எழுந்துவிட்டாள். “வாக்கா, பஸ்ஸுக்கு டைம் ஆவுது” என்றாள். திண்டிவனம் வரும் வரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

இப்போது அம்சா திண்டிவனம் ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்க்கில் பெட்ரோல் போடுகிறாள். நீலச் சட்டை, முதுகில் பங்க்கின் பெயர். கல்யாணமாகி ஒரு பையன் இருக்கிறான். நைனா போய்ச் சேர்ந்துவிட்டார். வண்டிக்குப் பெட்ரோல் போட வருகிறவர்களில் யாருக்கும் அவளை அடையாளம் தெரியாது. ஃப்ளெக்ஸ் எத்தனை நாளைக்கு நிற்கும்?

பள்ளி விழாவுக்குச் சேர்மன்தான் சிறப்பு விருந்தினர். அழைப்பிதழைப் பார்த்தபோதே நான் போகாமல் இருந்திருக்க வேண்டும். மேடையில் ஓர் ஓரத்தில் எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். வயசாகிவிட்டது அவருக்கு, என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அடையாளம் தெரிந்து கும்பிட்டாரா, மேடையில் இருப்பவள் என்று கும்பிட்டாரா தெரியவில்லை. அம்சா வேலைக்கு நடுவில் அரைமணி நேரம் கேட்டுக்கொண்டு வந்து, பங்க் சட்டையோடேயே ஹாலின் பின்கோடியில் நின்றாள்.

சேர்மன் மைக்கைப் பிடித்தார். நம்பிக்கை, விடாமுயற்சி என்று ஆரம்பித்து நான் பயந்த இடத்துக்கே வந்தார். “ஒரு கடைசி நிமிஷம். ஜெயிப்போமா தோற்போமா தெரியாது. உள்ளே போகப் போற ஒரு பொண்ணு கையில நானே தாயத்து கட்டி, போய் வா மகளேன்னு அனுப்பினேன். அந்த மேட்ச் நாம ஜெயிச்சோம்!” என்றார். பிள்ளைகள் தட்டினார்கள். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்று பி.டி. டீச்சர் மைக்கைக் கீழே அனுப்பினார். இரண்டு மூன்று பிள்ளைகள் கேட்டார்கள். அப்புறம் மைக் கடைசிக்குப் போனது.

“சார், வணக்கம். நீங்க கயிறு கட்டி அனுப்பினீங்களே அந்தப் பொண்ணு, அது ஆடுச்சிங்களா சார்?”

அம்சாவின் குரல். சேர்மன் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். நீலச் சட்டை போட்ட யாரோ ஒரு அம்மா.

“ஆடுச்சாவா! என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? என்னா ஆட்டம் ஆடுச்சு தெரியுமா? அன்னிக்கு ஜெயிச்ச கோலே அந்தப் பொண்ணு போட்டதுதாம்மா!”

ஹால் முழுக்கக் கைதட்டல். ஒரு பிள்ளை விசில்கூட அடித்தது. ஒரு கையெழுத்துக்கு ஆண்டவனுக்குப் பயந்த மனுஷர், மைக்கில் ஒரு கோலையே தூக்கிக் கொடுத்துவிட்டார். நான் எழுந்தேன். மைக்கைக் கேட்டேன். நான் நன்றி சொல்லப்போகிறேன் என்று நினைத்து டீச்சர் சிரித்தார், நேரமாகிவிட்டது என்று கையால் காட்டினார், தேசிய கீதத்தைப் போடச் சொல்லிவிட்டார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். தேசிய கீதம் பாடும்போது யாரும் பேசக்கூடாது. நான் பேசவில்லை. ஹாலின் பின்கோடியில் அம்சா கையை உடம்போடு ஒட்டி, நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். மைதானத்தில் பெஞ்சுக்கு முன்னால் அப்படித்தான் நிற்பாள்.

வெளியே கேட்டுக்குப் பக்கத்தில் தன் ஸ்கூட்டியில் எனக்காகக் காத்திருந்தாள். நான் திட்ட ஆரம்பித்தேன். அந்த ஆளை, டீச்சரை, பிறகு அவளையே, ஏன்டி சும்மா நின்றாய், நான்தான் அவள் என்று சொல்ல வேண்டியதுதானே என்று. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். வண்டியைக் கிளப்பியவள், மறுபடி காலை ஊன்றி நிறுத்தினாள்.

“அக்கா, ஒண்ணு கேக்க மறந்துட்டேன் பாரு அவர.”

“என்ன?”

“எந்தக் கால்ல போட்டேன் அந்த கோல?”

பதிலுக்கு நிற்கவில்லை. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.